காது மெஷின் வைத்த பிறகும் பேச்சு ஏன் புரியவில்லை?

'சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல' என்கிறார் மாமனார், புது காது மெஷினில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை செம்பூரில் என் அம்மாவும் ஆறு மாதம் இதையேதான் சொன்னார். அது அப்படியே உண்மை என்று எனக்குப் புரியத்தான் நாளானது.

வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலிப்பதால் காதில் விழுந்துவிடும். த, ட, க, ச என்று பிரித்துக் காட்டும் ஒலிகளோ மெல்லியவை, கண நேரத்தில் முடிந்துபோகிறவை. ஒருநாள் "கத்தி எங்கேம்மா?" என்றேன், பெருங்காயக் கட்டியை எடுத்துக் கொடுத்தார். நான் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவே இல்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது.

தயவுசெய்து கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி அந்த அளவுக்கு ஏறாது. போதாததற்கு, உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலி காதைக் குத்தும். இரண்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான். டிஜிட்டல் மெஷின் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, மெல்லியதை நிறையவும் உரத்ததைக் கொஞ்சமாகவும் கூட்டி அந்த இடத்துக்குள் அடக்குகிறது. எவ்வளவு கூட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எங்களுக்கு விற்ற கடையில் ஒரே முறை செட் செய்து அனுப்பிவிட்டார்கள். பிறகு பாந்த்ரா ரெக்ளமேஷனில் இருக்கும் அலி யாவர் ஜங் தேசிய செவித்திறன் நிறுவனத்துக்குப் போனோம். 1983-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. அங்கே ஆடியோலஜிஸ்ட், அதாவது செவித்திறனைச் சோதிக்கும் நிபுணர், மூன்று முறை வரவழைத்து, அம்மா சொல்லச் சொல்லத் திருத்தினார். நீங்களும் முதலில் அளவைத் திருத்திப் பாருங்கள், அதற்குள் வேறு மெஷின் வாங்க வேண்டாம்.

பவாயில் ஐஐடி பம்பாயில் பேராசிரியர் பி. சி. பாண்டேயின் குழு இந்த மெய்யொலிச் சிக்கலை ஆராய்ந்திருக்கிறது. க, ட, ப போன்றவை வாயில் வெடிக்கும் கணத்தைத் தானாகக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை மட்டும் உயிரொலியோடு ஒப்பிடச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும் முறை. நாம் நிறுத்தி, அழுத்தித் திருத்தமாகப் பேசும்போது நம் வாயும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. மெஷின் செய்ய வேண்டியதில் ஒரு பங்கை நானே செய்யலாம் அல்லவா?

இரைச்சல் வேறு விஷயம். பல மெஷின்களில் இரண்டு மைக் இருக்கும், முன்னாலிருந்து வரும் ஒலிக்கே முதலிடம். அதனால் சாப்பிடும்போது அம்மாவை குக்கருக்கு முதுகு காட்டி, எங்களைப் பார்த்தபடி உட்கார வைக்கிறோம். பேசத் தொடங்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எதைப் பற்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம்.

பழைய முறை போன் அழைப்பு சுமார் 3,400 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேல் அநேகமாக எதையும் அனுப்பாது. 'ஸ' ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலேதான். திருநெல்வேலிச் சித்தியோடு அம்மா இப்போது வீடியோ காலில்தான் பேசுகிறார், உதட்டைப் பார்த்துக்கொண்டே.