வெள்ளிக் காசுக்கு ‘70’ வாங்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். டெக்சாஸில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது ‘சில்வர் ஈகிள்’ என்ற அமெரிக்க வெள்ளிக் காசு இருபது கொண்டுவந்து கொடுத்தான். எல்லாமே 2023ஆம் வருடத்துக் காசு. கிருஷ்ணகிரியில் தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்து பார்த்தார். அமெரிக்காவுக்கே அனுப்பி, காசின் தரத்துக்கு மார்க் போடும் கிரேடிங் செய்தால் 70 மார்க் வரும், மூன்று மடங்கு விலை போகும், இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார். அதற்குக் கட்டணமாகக் காசு ஒன்றுக்கு ₹4,500 கேட்கிறார். மாமியார் வைத்திருந்த ஜார்ஜ் ராஜா ரூபாய் ஆறையும் சேர்த்துக் கேட்கிறார். ஒரு காசில் பால் தெறித்த மாதிரி புள்ளி வேறு வந்திருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. இருபது காசையும் கொடுக்க வேண்டாம், ஜார்ஜ் ரூபாயையும் கொடுக்க வேண்டாம். அவர் கேட்பதைக் கூட்டிப் பாருங்கள், ஈகிள் காசுக்கு மட்டும் ₹90,000 ஆகிறது. இந்தப் பணம் உங்களுக்குத் திரும்பி வராது.

கிரேடிங் என்பது ஏமாற்று வேலை இல்லை. பிசிஜிஎஸ், என்ஜிசி என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று 1986இல் தொடங்கியது, மற்றது 1987இல். காசு அசலா என்று பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் மூடித் தருவார்கள். அந்த உறையைத்தான் ஸ்லாப் என்பார்கள். ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு கீறல்கூடத் தெரியாத காசுக்கு 70 கிடைக்கும்.

உங்கள் காசுக்கு அது ஏன் வேண்டாம் என்பது உங்கள் தோப்பிலேயே இருக்கிறது. பெங்களூரா மாங்காயைக் கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்றும்போது தோலில் கறை இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறார்களா? எடை போட்டு டன் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். சில்வர் ஈகிளும் அப்படித்தான். 1986லிருந்து வருடா வருடம் லட்சக்கணக்கில் அச்சாகிறது. இருபது இருபதாகக் குழாயில் அடுக்கி, வெள்ளிக்காக வாங்குகிறவர்களுக்கென்றே விற்கிறார்கள். இந்தக் காலத்து இயந்திரத்தில் அடித்த காசுக்கு 69 என்பது சர்வசாதாரணம். 70 வாங்கிய காசும் உலகத்தில் ஏராளமாகக் கிடக்கிறது. 69 வந்தால் சாதாரணக் காசை விடப் பெரிதாக ஒன்றும் கூடாது, கிரேடிங் செலவுகூடத் தேறாது. இருபதில் எத்தனைக்கு 70 வரும் என்று எந்தத் தரகராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘கட்டாயம் 70 வரும்’ என்று சொன்னாரே, அப்போதே அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

அப்புறம் அந்த மூன்று மடங்கு விலையை யார் கொடுப்பார்? கிருஷ்ணகிரியிலோ தர்மபுரி கடைவீதியிலோ 70 போட்ட ஸ்லாபைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முதலில் கேட்பது, ‘இந்த பிளாஸ்டிக்கை உடைக்கலாமா?’ என்பதுதான். அவர் மேல் தப்பில்லை. அவர் வாங்கும் வெள்ளி சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், உருகி, கொலுசாகிவிடும். மதிப்பெண்ணுக்குக் காசு கொடுக்கும் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். உங்கள் மகன் அங்கேதான் இருக்கிறார். என்றைக்காவது கிரேடிங் ஆசை வந்தால், அங்கே வாங்கி, அங்கே கொடுத்து, அங்கேயே விற்கட்டும். இங்கே வந்த காசு மறுபடி கடல் தாண்டவே வேண்டாம்.

கடல் தாண்டினால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவன் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு முகவரிடம் நான்கு காசு கொடுத்தேன். பல கூரியர் நிறுவனங்கள் வெள்ளியையும் நாணயத்தையும் எடுப்பதே இல்லை. அதனால் அவர் ‘பரிசுப் பொருள்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, சுங்கத்தின் கணக்கில் அது புதிதாக நாட்டுக்குள் வரும் வெளிநாட்டு வெள்ளி. நம் காசுதான் போய்வருகிறது என்று காட்ட வேண்டுமானால் போகும்போதே ஒழுங்கான ஏற்றுமதிக் காகிதம் இருந்திருக்க வேண்டும். அது இல்லை, வரி கட்டினேன். நாலு காசு வைத்திருக்கும் சாதாரண மனிதன் நேர்மையாக அனுப்பி நேர்மையாகத் திரும்பப் பெற ஒரு சுலபமான வழியை இத்தனை வருடத்தில் யாரும் செய்து தரவில்லை. எனக்கு இன்னமும் ஆத்திரமாக வருகிறது. அந்த ஓட்டையில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அந்த நான்கில் ஒன்றுக்கு மதிப்பெண்ணே போடவில்லை, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி மூடிவிட்டார்கள். வீட்டில் ஆயுத பூஜைக்கு முன்னால் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. லென்ஸில் பார்த்தால் ஒரே பக்கமாக, மெல்லிய நூல் நூலாகக் கீறல். உங்கள் காசுகளை லட்சுமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிடுங்கள். ஆனால் குங்குமம், சந்தனம் வைக்க வேண்டாம். விபூதி, புளி, பற்பசை எதையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

பால் புள்ளிக்கும் அதேதான், தேய்க்காதீர்கள். அது உங்கள் கைபட்டு வந்ததில்லை. அச்சடிப்பதற்கு முன் வெற்றுத் தகட்டைக் கழுவும் ரசாயனத்தின் மிச்சம் பிறகு வெளுத்துத் தெரிவது என்பார்கள். கனடாவின் மேப்பிள் லீஃப் காசில் இந்தத் தொல்லை அதிகமாகி, அந்த நாட்டு அக்கசாலை 2018இல் தடுப்பு முறை ஒன்றையே கொண்டுவந்தது. வெள்ளியின் அளவு இதனால் கடுகளவும் குறையாது, எடைக்கு விற்கும்போது முழு விலை உண்டு. ஆனால் ஒன்று கவனியுங்கள். 70 வாங்கி மூடிய ஸ்லாபுக்குள்ளேயும் இந்தப் புள்ளி பிறகு முளைக்கலாம். அப்போது சேகரிப்பாளர் விலை சரிந்துவிடும். ₹4,500 வாங்கியவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

இன்னொரு பொறி: ‘நான் ஸ்லாப் போட்ட காசாகவே மாற்றித் தருகிறேன்’ என்று சிலர் வருவார்கள். ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள், உள்ளே காசும் போலி. சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது என்பார்கள். உண்மையான ஸ்லாபின் எண்ணைத் திருடி அச்சடித்தால் சரியாகத்தான் வரும். தளத்தில் இருக்கும் படத்தில் உள்ள காசும் கையில் உள்ள காசும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ என்று லேபிள் ஒட்டி அதிக விலை சொன்னாலும் மயங்காதீர்கள். முதலில் அடித்த காசு என்று அதற்கு அர்த்தம் இல்லை, வெளியிட்ட முதல் முப்பது நாளுக்குள் கிடைத்தது என்று மட்டும்தான்.

உங்களுக்கு உண்மையில் தேவை, காசு அசல் என்ற நிம்மதி. அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஈகிள் ஒன்றின் எடை 31.1 கிராம், குறுக்களவு 40.6 மில்லிமீட்டர். பத்தில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் முங்கவிடுங்கள். தராசு 3 கிராமை ஒட்டிக் காட்டினால் வெள்ளி. செம்பில் முலாம் பூசியதாக இருந்தால் மூன்றரை வரை போகும். 2021இல் புது வடிவம் வந்ததிலிருந்து விளிம்பில் ஓர் அடையாளமும் உண்டு. சுற்றிலும் உள்ள வரிகளை நகத்தால் தடவிக்கொண்டே போனால், ஓரிடத்தில் ஒரு வரி இல்லாமல் இருக்கும். உங்கள் 2023 காசு எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும்.

விற்கும்போது இரண்டு கடையில் விலை கேளுங்கள். உலோகத்தின் தூய்மையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், 999 காட்டும், அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 31.1ஆல் பெருக்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘வெளிநாட்டுக் காசு’ என்று சொல்லிக் கழிவு போடுகிறவரிடம் விற்காதீர்கள். தங்க நகைக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கிய அரசு, வெள்ளியை இன்னமும் விருப்பப்பட்டால் என்றே விட்டுவைத்திருக்கிறது. அதனால்தான் கடைக்கு ஒரு கழிவு. மகன் வாங்கிய பில்லும், வரும்போது சுங்கத்தில் அறிவித்த ரசீதும் காசோடு இருக்கட்டும்.

சரி, மாமியாரின் ரூபாய்க்கு வருகிறேன். இதில்தான் உண்மையான விதிவிலக்கு ஒன்று ஒளிந்திருக்கலாம். முதலில் ராஜா யார் என்று பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 1922இல் நின்றுவிட்டது, எல்லாமே நூறு வயது தாண்டியவை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். சேர்த்து அனுப்பலாம் என்ற அந்த மனிதர் உங்களை அதில் மாட்டிவிடப் பார்த்தார். ஆறாம் ஜார்ஜ் என்றால் வருடம் பாருங்கள். 1940 முதல் 1945 வரை உள்ளதில் பாதிதான் வெள்ளி. 1947 என்றால் நிக்கல். 1938 என்றால் 11.66 கிராமில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஓரளவு தாராளமாகக் கிடைக்கும் காசு. 1939 என்றால் நிறுத்துங்கள். அந்த வருட ரூபாயில் பெரும்பகுதி வெளியே வராமலே உருக்கப்பட்டது என்பார்கள். சேகரிப்பாளர்கள் தேடி அலையும் காசு அது, கிரேடிங் செலவுக்குத் தகுதியானது. அதனாலேயே 1938இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கி விற்கிறார்கள். மாற்றிய காசில் கடைசி எண்ணின் வளைவு பக்கத்து மூன்றின் வளைவை விட மெலிந்தோ தடித்தோ இருக்கும், சுற்றியுள்ள தரை மட்டும் சுரண்டிய மாதிரி தெரியும். அசல் என்றே தோன்றினாலும் தரகரிடம் காட்டாதீர்கள், வீட்டை விட்டும் எடுத்துப்போக வேண்டாம்.

காலை வெயிலில், நிழல் விழாத இடத்தில் வைத்து ஆறையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வருடம் இருக்கும் பக்கத்தை மட்டும் கிட்டே வைத்து இன்னொரு படம். துடைக்காமல் எடுங்கள். அனுப்பி வைத்தால் பார்த்துச் சொல்கிறேன்.