காம்பைப் பாருங்கள், நிறம் தெரிந்துவிடும்

கேள்வி: பழைய கேம் பாய் (கையடக்க வீடியோ கேம் கருவி) ஒன்று கைக்கு வந்தது. அதில் சொலிட்டேர் ஆடுகிறேன், சிவப்பும் கறுப்பும் மாறி மாறி இறங்குவரிசையில் அடுக்கித் தனியாக ஆடும் சீட்டாட்டம். எது சிவப்பு, எது கறுப்பு என்றே பிடிபடவில்லை. பாதிக்கு மேல் ஆட்டங்கள் நடுவிலேயே மாட்டிக்கொள்கின்றன. நான் ஆடும் விதம் தவறா?

பதில்: முதலில் கண்ணுக்கு வழி செய்வோம், ஆட்டம் அப்புறம். 1989இல் வந்த முதல் கேம் பாயின் திரையில் இருப்பது 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள். சிவப்பு என்ற நிறமே அதில் கிடையாது. 7 வரிசைச் சீட்டுகளை 160 புள்ளி அகலத்துக்குள் அடுக்கினால் ஒரு வரிசைக்கு 22 புள்ளிதான் மிஞ்சும். எண்ணையும் சின்னத்தையும் அதற்குள்ளேயே வரைந்தாக வேண்டும். குழப்பம் உங்கள் கண்ணில் இல்லை.

சின்னத்தின் அடிப்பகுதியை மட்டும் பாருங்கள். ஸ்பேடுக்கும் கிளாவருக்கும் கீழே காம்பு உண்டு. ஆர்ட்டினும் டைமண்டும் கூராக முடியும். காம்பு இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் சிவப்பு. இரண்டு மூன்று ஆட்டத்திலேயே இது பழகிவிடும். கருவியின் இடப்பக்கம் கான்ட்ராஸ்ட் சக்கரம் இருக்கிறது. அதை அதிகம் கூட்டினால் வெளிர் சாயலும் கருத்துப்போய், காம்பு அருகிலுள்ள கோடுகளோடு ஒட்டிவிடும். கொஞ்சம் குறைத்தே வையுங்கள். திரைக்குள் விளக்கு இல்லாததால் வெளிச்சம் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும். பேட்டரி விளக்கு மங்கினால் 4 பேட்டரிகளையும் ஒன்றாக மாற்றுங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 52 சீட்டில் 28 வரிசைகளில் இருக்கும், அதில் 21 கவிழ்ந்து கிடக்கும். பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்துவது இந்த 21தான். எனவே இரண்டு நகர்த்தல்களில் எதைச் செய்வது என்று தோன்றினால், கவிழ்ந்த சீட்டைத் திறப்பதையே செய்யுங்கள், அதிலும் கவிழ்ந்தவை அதிகமுள்ள வரிசையில். ஏஸும் இரண்டும் வந்தால், ஒவ்வொரு சின்னத்தையும் ஏஸிலிருந்து அடுக்கும் மேல் இடத்துக்குத் தயங்காமல் ஏற்றுங்கள். அதற்கு மேல் உள்ளவற்றை அவசரமாக ஏற்றாதீர்கள். கறுப்பு ஐந்து மேலே போய்விட்டால், கீழே சிவப்பு நான்கை வைக்க இடம் தேட வேண்டிவரும். காலி இடத்தில் ராஜாவைத் தவிர வேறு சீட்டு உட்காராது. ராஜா கையில் இல்லாமல் ஒரு வரிசையைக் காலி செய்வது எனக்குத் தெரிந்து பலரும் செய்யும் பிழை.

மூன்று மூன்றாகச் சீட்டு எடுக்கும் முறை என்றால், வரிசைகளில் போட்டது போக மிஞ்சிய கட்டின் 24 சீட்டில் ஒரு சுற்றுக்கு 8தான் மேலே வரும். ஆனால் நடுவில் ஒன்றை எடுத்துப் பயன்படுத்தினால் அடுத்த சுற்றில் அதற்குப் பின்னுள்ள வரிசை முழுவதும் நகர்ந்து, மறைந்திருந்த சீட்டுகள் மேலே வரும். மாட்டிக்கொண்டதாகத் தோன்றும்போது, கட்டின் தொடக்கத்திலேயே எடுக்கக்கூடிய சீட்டு ஏதும் உண்டா என்று தேடுங்கள். அந்த ஒரு சீட்டு மொத்தக் கட்டையும் புரட்டிக் கொடுக்கும்.

கவிழ்ந்தவை உட்பட எல்லாச் சீட்டும் தெரிந்தே ஆடினாலும் இந்த முறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 ஆட்டங்கள்தான் வெல்லக்கூடியவை. மீதி எவர் ஆடினாலும் முடியாது. கட்டை இரண்டு முறை முழுதாகப் புரட்டியும் ஒரு நகர்த்தலும் கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் புதுக் கட்டு கலைக்கச் சொல்லுங்கள்.