கர்ப்பகாலச் சர்க்கரைக்குத் தண்ணீரில் செய்யும் பயிற்சி உதவுமா?

கேள்வி: 29 வாரம் ஆகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டதும் நடக்கச் சொல்கிறார்கள். நடந்தால் இடுப்பும் தொடை சேரும் இடத்து எலும்பும் வலிக்கின்றன. நீச்சல் தெரியாது. தண்ணீரில் இறங்கி நடந்தால் சர்க்கரை குறையுமா?

பதில்: குறையும். அதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டாம், மார்பளவு தண்ணீரில் நடந்தாலே போதும்.

நான் மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்கும் இதே சர்க்கரை, இதே இடுப்பு வலி. சர்க்கரை நோய் இல்லாத வீடு இந்த நாட்டில் அரிது. வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. அதனால் ரிசல்ட்டைக் கேட்டு வீட்டில் யாரும் பதறவில்லை. தண்ணீரில் இறங்கப் போகிறேன் என்றதும்தான் ஊரிலிருந்து அம்மா போனில், "மாசமா இருக்கிறவ கடல்ல எறங்கறதாவது, என்னடி இது?" என்று ஆரம்பித்தார்கள். டாக்டரே சரி என்றார் என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். நீங்களும் முதலில் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மாதம் ஏற ஏற, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் நம் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. ஆனால் தசை இயங்கும்போது இன்சுலின் தயவு இல்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் நடக்கச் சொல்வது இதனால்தான். வலியில் நடக்கவே முடியாதவர்களுக்குத் தண்ணீர் கைகொடுக்கிறது. மார்பளவு தண்ணீரில் நின்றால் காலும் இடுப்பும் தாங்கும் எடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். அதே சமயம் தண்ணீரைத் தள்ளி நடப்பது தசைக்கு நல்ல வேலை. கையை இரண்டு மடங்கு வேகமாக வீசினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பாரம் வேண்டாம், கருவி வேண்டாம், வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும். இன்னொரு லாபம், தண்ணீரின் அழுத்தத்தில் கால் வீக்கம் வடியும். வெளியே வந்ததும் சிறுநீர் நன்றாகப் போகும், பயப்பட வேண்டாம்.

கையை விட்டுவிடாதீர்கள். 1989-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்கள் உட்கார்ந்தபடியே கையால் சக்கரம் சுற்றினார்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம், வாரம் மூன்று முறை. ஆறு வார முடிவில், உணவை மட்டும் கட்டுப்படுத்தியவர்களைவிட அவர்களுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. நான் தண்ணீருக்குள் கையை விரித்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே நடப்பேன். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, பிறகு மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. தண்ணீருக்குள் நாடித் துடிப்பு குறைவாகக் காட்டும் என்பதால் கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம். உங்களுக்கு இருக்கும் எலும்பு வலிக்கு, காலை அகட்டி உதைக்கும் தவளை நீச்சல் ஆகாது. பக்கவாட்டில் எட்டு வைத்து வலித்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இந்தத் தீவில் பெரும்பாலான கரைகளில் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால், ஃபிளிக் அன் ஃபிளாக் போன்ற இடங்களில் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஆனால் தெற்கே கிரி கிரியில் பாறைத் தடுப்பு கிடையாது, அங்கே இறங்கவே கூடாது. அமைதியான இடத்திலும் ரப்பர் செருப்பு அவசியம், கடல் முள்ளியும் கல்மீனும் மணலோடு மணலாகக் கிடக்கும். தனியாக ஒருநாளும் போகாதீர்கள். நீச்சல்குளம் என்றால் தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. ஸ்கூபா டைவிங்கை யார் ஆசை காட்டினாலும் பிரசவம் முடியும்வரை வேண்டாம்.

நேரம்தான் முக்கியம். சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அரை மணி கழித்துத் தொப்பியோடு தண்ணீரில் இறங்குவேன், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கரையேறுவேன். அத்தை சர்க்கரை பார்க்கும் மீட்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு நிழலிலேயே இருப்பார்கள். வெயிலிலும் காரிலும் வைத்தால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். முதல் கவளத்திலிருந்து ஒரு மணி ஆனதும், பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவி, ஊறிச் சுருங்கிய விரலை நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குத்துவேன். விரல் ஈரமாக இருந்தால் ரத்தத்தோடு தண்ணீர் கலந்து எண் குறைத்துக் காட்டும். அதே அளவு சோறு, பருப்பு, கீரை, மீன் குழம்புக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தால் 8.6 வந்தது, தண்ணீரில் நடந்த நாளில் 6.7. சாப்பிட்டு ஒரு மணியில் 7.8-க்குள் இருக்க வேண்டும். இதெல்லாம் இங்குள்ள mmol/L கணக்கு. இந்தியக் கணக்கான mg/dL-க்கு 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 7.8 என்பது 140. போக முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து ஏற்றி இறக்குவேன்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் இதற்கு அவ்வளவு சுலபமாகப் பணியாது. விடியற்காலையில் கல்லீரல் விடும் சர்க்கரை அது. எனக்குப் பகல் எண்கள் எல்லாம் சரியான பிறகும் காலையில் 5.3-க்கு மேலேயே நின்றது, இரவில் இன்சுலின் போட்டுத்தான் அடங்கியது. இதைப் பல பெண்கள் தங்கள் தோல்வியாக எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நடந்து பார்க்கிறேன், இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைக்கிறேன் என்று இன்சுலினைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை, அதிகப்படியான சர்க்கரை போகும். இன்சுலின் போடுபவர்கள் தண்ணீரில் இறங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 4-க்குக் கீழே இருந்தால் ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுச் சரியான பிறகுதான் பயிற்சி. கரையில் குளுக்கோஸ் கையிருப்பில் இருக்கட்டும்.

டாக்டரிடம் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தால், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால், ரத்தப்போக்கோ நீர்க்கசிவோ இருந்தால், கர்ப்பகால ரத்த அழுத்த நோய் இருந்தால் இது உங்களுக்கு ஆகாது. பயிற்சியின் நடுவே தலைசுற்றல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வலி, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம் எது வந்தாலும் உடனே கரையேறி ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் பலர் மீட்டரை மூட்டை கட்டிவிடுகிறார்கள். ஆனால் இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட்டைச் செய்தாக வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே அதற்கும் தேதி கேட்டு வாங்கிவிடுங்கள்.