காசு கட்டியாச்சு என்பதற்காக ஒரு விடுமுறையா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வயது 39. கணவர், 12 வயது மகள், 5 வயது மகனோடு கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் வசிக்கிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு விற்பனைக் கூட்டத்துக்குப் போய், அன்று மாலையே டைம்ஷேர் பாயிண்ட் (வருடாவருடம் ரிசார்ட்டில் சில நாள் தங்கும் உரிமை) வாங்கிவிட்டோம். 31,000 டாலர். பாதிக்கு மேல் கடன், வட்டி 14 சதவீதம். அதுபோக மெயின்டனன்ஸ் கட்டணம் வருடத்துக்கு 2,900 டாலர். முதல் வருடப் பாயிண்ட் காலாவதியாகிவிட்டது. இந்த ஜூன் கடைசியில்தான் ஹவாயின் மாவி தீவில், காஅனபாலி கடற்கரையில் ஏழு இரவுக்கு இரண்டு படுக்கையறை வில்லா கிடைத்திருக்கிறது.

ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்கிறார்கள். மாமாவுக்கு 72, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. அத்தைக்கு 67, முழங்கால் வலி. இது போதாதென்று கணவர் தன் தம்பி, ஓரகத்தி, அவர்களுடைய ஒன்றரை வயதுக் குழந்தை எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓரகத்திக்குக் கடல் பார்த்த அறைதான் வேண்டுமாம்.

கணவர் எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறார். ஹாலேயாகலா மலையில் சூரிய உதயம், ஹானா ரோடு பயணம், ஸ்நார்க்கலிங் (குழாயால் மூச்சுவிட்டபடி கடலில் மிதந்து மீன் பார்ப்பது), படகு, ஹவாய் பாணி லுவாவ் விருந்து. ஒரு நாள்கூடக் காலி இல்லை. "இவ்வளவு கட்டியிருக்கோம், சும்மா பீச்ல உக்காரவா போறோம்?" என்கிறார். "கிச்சன் இருக்கே, மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான்" என்கிறார். யார் சமைப்பது? போதாக்குறைக்கு, அங்கே இன்னொரு கூட்டத்துக்குப் போனால் லுவாவ் டிக்கெட் இலவசமாம். வாயைத் திறந்தால் சண்டை. நான் வரவில்லை என்று சொல்லிவிடலாமா?

– வாசகி, சான் ஹோசே

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் எக்செல் ஷீட்டில் எழுதப்படாத வரி ஒன்று இருக்கிறது: 31,000 டாலர். மற்ற வரிகளெல்லாம் அதை நியாயப்படுத்தத்தான். 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டிய காசு உறுத்தியதால் வந்தார்கள். உங்கள் வீட்டில் அந்த உறுத்தல் ஒன்பது பேரையும் சேர்த்து இழுக்கிறது. ஏழு நாளும் ஓடினாலும் ஏழு நாளும் தூங்கினாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அவர் பேராசைக்காரர் இல்லை. அன்று கையெழுத்துப் போட்டதற்காக வெட்கப்படுகிறார் என்றே எனக்குப் படுகிறது. அதனால் "ஏன் வாங்கினீங்க?" என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் ஹானாவில்தான் போய் முடியும். "வாங்கினோம்" என்று உங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டத்தில் நீங்களும்தானே இருந்தீர்கள்.

முதல் வேலை, ரிசார்ட்டுக்கு ஒரு போன். இரண்டு படுக்கையறை வில்லாவின் உச்சவரம்பு பெரும்பாலும் எட்டுப் பேர். கைக்குழந்தையையும் ஒரு தலையாக எண்ணும் இடங்கள் உண்டு. ஒன்பதாவது ஆளை வாசலில் வைத்துப் பேசித் தீர்க்க முடியாது. அனுமதி இல்லையென்றால் கொழுந்தனார் குடும்பத்துக்குத் தனி அறைதான் போட வேண்டும், கடல் பார்த்த அறைச் சண்டையும் அதோடு தீரும். அனுமதி உண்டென்றால், அந்த வில்லா லாக்-ஆஃப் வகையா என்று கேளுங்கள். அதாவது ஒரு பக்கம் முழுச் சமையலறையும் பெரிய படுக்கையறையும், நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் தனி வாசலோடு ஒரு ஸ்டுடியோ. ஸ்டுடியோவில் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும்தான் இருக்கும், அடுப்பு இருக்காது. குழந்தை அழுதால் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பதால் அது கொழுந்தனாருக்கு. பெரிய படுக்கையறை மாமா அத்தைக்கு. ஹாலில் இழுத்துப் போடும் சோபா-கட்டில் உங்கள் நால்வருக்கும் நெருக்கடிதான், ஆனால் கடலுக்கு மிக அருகில் படுப்பது நீங்கள்தான். பிள்ளைகள் இதற்குச் சண்டை போட மாட்டார்கள்.

அதே போனில் குளியலறையையும் கேளுங்கள். மாமா அத்தைக்குக் கொடுக்கப்போகும் அறையில் தொட்டியா, நேராக நடந்து போகும் ஷவரா? தொட்டி விளிம்பு முழங்கால் உயரத்துக்கு வரும். அத்தை தினமும் காலை ஒருமுறை அதைத் தாண்ட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஷவர் ஸ்டுடியோ பக்கம்தான் என்றால் மேலே சொன்ன ஏற்பாட்டைத் தலைகீழாக்குங்கள். கடல் காட்சியைவிட இது முக்கியம். முழங்கால் வலியை அத்தை தானாகச் சொல்லமாட்டார். குளிக்காமலே சமாளிப்பார்.

இனி ஷீட்டுக்கு வருவோம். ஹானா ரோட்டை அடித்துவிடுங்கள். அறுநூறு சொச்சம் வளைவு, ஒற்றைத் தடப் பாலங்கள், காஅனபாலியிலிருந்து போய்வர ஒரு முழு நாள். ஒன்றரை வயதுக் குழந்தை வாந்தி எடுக்கும், முழங்கால் மரத்துப்போகும். ஹாலேயாகலா உச்சி 3,055 மீட்டர். உதயத்துக்குக் காருக்கு முன்பதிவு வேண்டும், 60 நாள் முன்பே திறக்கும். இரவு இரண்டு, இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். மேலே உறைகுளிர், காற்றில் ஆக்சிஜன் குறைவு, சாப்பாடும் பெட்ரோலும் கிடையாது. உங்கள் கணவரும் மகளும் கொழுந்தனாரும் போகட்டும். மாமாவை அவருடைய டாக்டர் சொல்லாமல் ஏற்றாதீர்கள். இன்னொன்று: ஹவாய்க்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கடலில் மூழ்கி இறப்பதில் ஸ்நார்க்கலிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. பி.பி. உள்ள 72 வயதுக்காரருக்கு அது வேண்டாம், கரையில் நிழல் போதும்.

ஜூனில் ஹவாய் உங்களைவிட மூன்று மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் குழந்தைகள் நாலு மணிக்கே எழுந்துவிடுவார்கள். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். காலையில் பெரும்பாலும் கடல் அமைதி, மதியத்தை நெருங்கும்போது காற்று எழும். ஆகவே வெளியே போவதெல்லாம் காலை, மதியம் தூக்கம், மாலை கடற்கரையோர நடைபாதை. சிமெண்ட் பாதை, படியில்லை, அத்தை நடக்கலாம். சூரியன் மறையும்போது கடற்கரையின் வடகோடிப் பாறையில் தீவட்டி ஏற்றிக் குதிப்பார்கள். வேடிக்கை பார்க்கக் காசு இல்லை. (பக்கத்து ஊரான லஹைனா 2023 ஆகஸ்ட் 8இல் எரிந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே போன் கேமராவோடு போய் நிற்காதீர்கள்.) சன்ஸ்கிரீன் ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு வகையாக இருக்கட்டும், மாவியில் மற்ற வகைகளுக்கு 2022 அக்டோபரிலிருந்து தடை.

சமையல்: ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் இரவு. காலை பிரெட், பழம், தயிர். மதியம் வெளியே. ஏழு இரவில் இரண்டு கணவர் பொறுப்பு, இரண்டு கொழுந்தனார் பொறுப்பு, வாங்கி வந்தாலும் சரி. இதைப் போகுமுன்பே ஷீட்டில் பெயர் போட்டு எழுதுங்கள், அங்கே போய்க் கேட்டால் நடக்காது. கஹுலுயி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே காஸ்ட்கோ இருக்கிறது. அரிசி, பால், காய் எல்லாம் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டினால் அறை. அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தளம், அடி தட்டையான குக்கர் எடுத்துப் போங்கள். கடுகு தாளிக்குமுன் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அடிக்கும். பால்கனிக் கதவைத் திறந்தால் பல இடங்களில் ஏ.சி. தானாக நின்றுவிடும், யாரும் ரிப்பேர் என்று பதற வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். செடி, இலை, பழம் எதையும் ஹவாயில் இறங்குமுன் அறிவித்தாக வேண்டும்.

கொழுந்தனாரிடம் அறைக் காசு கேட்கக் கணவருக்குக் கூச்சம் என்றால் கேட்க வேண்டாம். ஒன்பது பேருக்கு எப்படியும் இரண்டு கார். ஒன்றின் வாடகையும் மளிகையும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிடலாம். பாயிண்டில் தங்கினாலும் ஹவாயில் பெரும்பாலும் நாள்கணக்கில் வரி உண்டு, பார்க்கிங்கும் தனி.

விற்பனைக் கூட்டம்தான் உண்மையான ஆபத்து. சாவி கொடுத்த கையோடு ஒருவர் உங்களைப் பக்கத்து மேஜைக்கு அழைப்பார். பேச்சு "உரிமையாளர் சந்திப்பு, தொண்ணூறு நிமிடம்" என்று இருக்கும். மூன்று மணி நேரம் ஆகும். ஓசி டிக்கெட்டை வாங்கியதும் மனம் ஏதோ திருப்பிக் கொடுக்கக் கடன்பட்டதுபோல் ஆகிவிடும்; அந்த மேஜை ஓடுவதே அதில்தான். கணவரிடம் போகுமுன் கேளுங்கள்: "லுவாவ் டிக்கெட்டை நாமே வாங்கிட்டா அந்த மூணு மணி நேரம் நமக்கு மிச்சம், சரியா?" அப்படியும் போனால், ஒப்பந்தத்தைப் படிக்காமல் எதிலும் கையெழுத்து இல்லை என்று இருவரும் முன்கூட்டியே பேசிவையுங்கள். மீறிப் போட்டுவிட்டால் ஹவாய் சட்டப்படி ரத்து செய்ய ஏழு நாள், ஞாயிறும் அதில் சேர்த்தி. ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு, சொன்ன முறையில், எழுத்தில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. பழைய 31,000க்கு அந்தக் கதவு மூடிவிட்டது. "உங்களை இதிலிருந்து விடுவிக்கிறோம்" என்று முன்பணம் கேட்டு யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

வரவில்லை என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லலாம், உங்கள் உரிமை. ஆனால் நீங்கள் இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடி அடுப்பின் முன்னால் நிற்கப்போவது அத்தை. அதனால் அதைக் கடைசிச் சொல்லாக வைத்திருங்கள். இந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் தூங்கியபின் அரை மணி நேரம், ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். ஹானாவை அவர் கையாலேயே அழிக்கட்டும். தம்பியை அழைக்குமுன் உங்களைக் கேட்காததைப் பற்றி அன்றைக்கே ஒருமுறை சொல்லுங்கள், ஒரே வாக்கியத்தில்: "கூப்பிட்டது தப்பில்ல, என்னைக் கேக்காததுதான் வலிச்சது." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். அவர் உடனே பேசாமல் போகலாம். நடுவில் நீங்கள் எதையும் சேர்க்காதீர்கள்.