திருவிழாக் கணக்கில் 75,000 ரூபாய் துண்டு விழுகிறது, பொருளாளரை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு 160 தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் வரி, மொத்தம் 3,20,000. பொருளாளர் நோட்டில் செலவு 2,45,000 என்று இருக்கிறது, மீதி 75,000 எங்கே என்றால் மழுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். இரட்டிப்பு அபராதம் போட்டு ஊரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். அவர் எனக்கு மாமன் முறை, நானும் விழாக் குழுவில் இருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் ஒன்றைக் கவனியுங்கள். 3,20,000 என்பது வசூலாக வேண்டிய தொகை, வசூலான தொகை என்று யாரும் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. வரி பாக்கி வைத்த வீடு எத்தனை, வெளியூரில் இருப்பவர்கள் எத்தனை பேர் "அடுத்த மாதம் தருகிறேன்" என்றார்கள், இதெல்லாம் தெரியாமல் 75,000-ஐ அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கணக்குப் பார்க்க ஊர் மூன்று பேரை நியமிக்கட்டும். அவர்கள் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எடுத்துக்கொண்டு உட்காரட்டும், ஒருவர் வாசிக்க ஒருவர் எழுத, பொருளாளரும் கூடவே இருக்கட்டும். இப்படி ஒரு ஊரில் நான் உட்கார்ந்திருந்தபோது மூன்றாவது புத்தகத்தையே காணோம். தேடினால், மேலத்தெருவில் வசூலுக்குப் போன பையன் வீட்டு அலமாரியில், 14 ரசீது கிழித்த பணத்தோடு அப்படியே இருந்தது. அதற்குள் பொருளாளரின் மனைவியைத் தண்ணீர்க் குழாயடியில் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டார்கள்.

செலவுப் பக்கம், பந்தல்காரர், மேளக்காரர், சீரியல் செட் போட்டவர் மூன்று பேருக்கும் போன் போட்டால் பெரிய தொகை எல்லாம் சரியா என்று தெரிந்துவிடும். பூ, வாழைமரம், டீ செலவுக்கு ரசீது எதிர்பார்க்காதீர்கள். வரிப் பணம் ஜிபேயில் அவருடைய சொந்தக் கணக்குக்கு வந்திருந்தால், அந்த நாட்களுக்கான பேங்க் ஸ்டேட்மெண்டைக் கேட்கட்டும். ஊர்ப் பணம் என்பதால் அதைக் கேட்பதில் தவறில்லை.

அப்புறமும் துண்டு விழுந்தால், மூன்றில் எது என்று பாருங்கள்: எழுத மறந்தாரா, அவசரத்துக்குப் புரட்டிவிட்டுத் திருப்பி வைக்க முடியாமல் தவிக்கிறாரா, இல்லை பொய்ச் செலவு எழுதி எடுத்தாரா. முதலாவதற்குப் பதவியை மாற்றினால் போதும். இரண்டாவது தப்புதான், ஆனால் தவணை எழுதி வாங்கினால் பணம் திரும்பி வர வழி இருக்கிறது. மூன்றாவது என்றால் போலீஸ். பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவு, நம்பிக்கை மோசடி, ஐந்து வருடம் வரை சிறை. இதில் நேர்மையற்ற நோக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி, அதனால்தான் பொய்யாக எழுதிய ஒரு வரி, பத்து பேர் சந்தேகத்தைவிட முக்கியம்.

கூட்டத்துக்கு எந்த அதிகாரம் உண்டு, எது கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்குக் கேட்கலாம், பதவியை விட்டு நீக்கலாம், புகார் கொடுக்கலாம். தள்ளி வைக்க முடியாது. அபராதம் போட்டு வசூலிக்க முடியாது, மிரட்டி வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினால் மாட்டுவது நீங்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2011-ல் உச்ச நீதிமன்றம், கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம், அதை ஒடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் "திருடன்" என்று போடுபவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள், அவதூறு வழக்குக்கு அந்த ஒரு மெசேஜ் போதும்.

சரி, உங்கள் விஷயம். மாமன் முறை என்றால் கணக்குப் பார்க்கும் மூவரில் நீங்கள் இருக்கக் கூடாது, அவரோடு வாய்க்கால் தகராறு உள்ளவரும் இருக்கக் கூடாது. நீங்கள் இருந்தால் அவர் உண்மையிலேயே குற்றமற்றவராக இருந்தாலும் ஊர் நம்பாது, அந்தக் கறை அவர் மேல்தான் ஒட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களே எழுந்து, "எனக்கு உறவு, நான் விலகிக்கொள்கிறேன், மூன்று பேரை நியமியுங்கள், பதினைந்து நாளில் கணக்கு வரட்டும், அதுவரை நோட்டும் ரசீதுப் புத்தகமும் பெரியவர் ஒருவர் வீட்டில் பூட்டி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். பொருளாளருக்குப் பேச முழுதாக நேரம் கொடுக்கச் சொல்லுங்கள், நடுவில் யாரும் கத்தாமல். மழுப்புகிறார் என்கிறீர்களே, பாதி நேரம் அது பயத்தில்தான் வருகிறது. முந்தின நாளே தனியாகப் போய், "மாமா, எல்லா ரசீதையும் எடுத்து வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதையும் பேசாதீர்கள்.