திறப்பைத் திருப்பினால் ‘டக்’ சத்தம் மட்டும்: பனலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல, 30 வருடம் பழைய டீசல் மோட்டார் யொட் ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். ஊர்காவற்றுறையில் கட்டியிருக்கிறேன். திறப்பைத் திருப்பினால் சில நாள் உடனே ஸ்ரார்ட் ஆகிறது; சில நாள் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. லைற் போட்டால் வெப்ப மீற்றரும் ஒயில் மீற்றரும் சேர்ந்து ஆடுகின்றன. பற்றரி புதியது. திருத்த வந்தவர் கட்டுப்பாட்டுப் பனலையே மாற்றச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், எனக்குப் பனலைவிட வயரிலும் இணைப்புகளிலும்தான் சந்தேகம்.

இரண்டு மீற்றர்கள் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். சேர்ந்து ஆடினால் இரண்டுக்கும் பொதுவான ஏர்த் வயர்தான் (பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் வயர்) பெரும்பாலும் எங்கோ தளர்ந்திருக்கும். ஒன்று மட்டும் பிழை காட்டினால், அப்போது அதன் சென்சரைப் பாருங்கள்.

‘டக்’ சத்தத்துக்கு வருவோம். பழைய யொட்டில் பற்றரியிலிருந்து வரும் மின், எஞ்சின் பக்கத்துப் பல முள் பிளக் வழியாக மேலே பனலுக்குப் போய், திறப்புச் சுவிற்சைத் தாண்டி, அதே வழியில் ஸ்ரார்ட்டருக்கு இறங்கும். போகிற வழியெல்லாம் உப்புக்காற்று தின்ற இணைப்புகள். அந்தப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முள்ளில் பச்சைக் களிம்பு இருக்கலாம். வயரின் உறையை ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளக்காமல் கறுத்துப் பொடியாக உதிர்ந்தால் அந்த வயர் செத்துவிட்டது.

ஒரு மல்ரிமீற்றர் போதும். எஞ்சின் ஓடாதபோது பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அப்புறம் சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை ஸ்ரார்ட்டரின் மெல்லிய வயர் முனையிலும் வைத்து, இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். வழியில் தொலையும் வோல்ட் அதுதான். 1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சரி. 2, 3 என்று காட்டினால் ஸ்ரார்ட்டருக்குப் போதிய பலம் போய்ச் சேரவில்லை. இணைப்புகளைத் துப்புரவாக்கி, ஸ்ரார்ட்டருக்கு அருகே ஒரு ரிலே (சிறிய மின்னால் இயங்கிப் பெரிய மின்னைத் திறந்துவிடும் சுவிற்ச்) போட்டாலே பெரும்பாலும் தீரும். புதுப் பனலைப் பழைய வயரில் கொழுவினால் அதே ‘டக்’ திரும்பவும் கேட்கும். வயர் மாற்றுவதானால் வெள்ளீயம் பூசிய கடல் வயர் வாங்குங்கள். வீட்டு வயர் வேண்டாம்.

திறப்பைத் திருப்பும்போது சத்தமே வராத நாளும் உண்டா? கியர் லீவரை நியூட்ரலில் சற்று அசைத்துப் பாருங்கள். அப்போது ஸ்ரார்ட் ஆனால் குற்றவாளி, கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் ஸ்ரார்ட் செய்ய விடும் நியூட்ரல் சுவிற்ச்.

தயவு செய்து ஸ்க்ரூட்றைவரை ஸ்ரார்ட்டரில் வைத்து உரசி இயக்க வேண்டாம். கியரில் இருந்தால் யொட் பாய்ந்துவிடும், பக்கத்தில் ஆள் நிற்கலாம். எஞ்சின் ஓடும்போது பற்றரி மெயின் சுவிற்சையும் நிறுத்தாதீர்கள், பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டனேற்றர் எரிந்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பனல்தான் என்றால் மாற்றுங்கள். பற்றுச்சீட்டில் பாகத்தின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பனலையும் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள நல்ல மீற்றர்கள் பின்னால் உதவும்.