ஜெர்மனியில் மூளை ஆய்வு வேலை: ஒரு தக்கலைக்காரியின் பதில்

நாகர்கோவில்ல எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடிச்சிருக்கேன், ஜெர்மனியில மூளை ஆராய்ச்சி வேலைக்குப் போகணும்னா அங்க இன்னொரு மாஸ்டர்ஸ் படிக்கணுமா அக்கான்னு கேட்டிருக்கே. நான் தக்கலைக்காரி, அங்க போய் 11 வருசமாச்சு. இப்ப லீவுக்கு வந்து, ஆனிச் சாரலைப் பாத்துக்கிட்டு திண்ணையில இருந்து இதை எழுதுறேன்.

ஏஜென்ட்டுகிட்ட மட்டும் போகாதே மக்ளே. அப்பா ரப்பர் ஷீட் வித்த காசை வாங்கிக்கிட்டு ஒருத்தர் ஒரு வருசம் எனக்கு 'சீட்டு' தேடினார். அங்க பிஎச்.டி.ங்கிறது பெரும்பாலும் சீட்டே கிடையாது, வேலை. பேராசிரியருக்கு ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் பணம் வரும், அதுக்கு ஆள் எடுப்பார். விளம்பரத்துல 'டிவி-எல் இ13, 65%'னு போட்டிருக்கும். மாநில அரசுச் சம்பள அட்டவணையில 13-ஆம் பிரிவு, அதுல நூத்துக்கு 65. (வேலையை மட்டும் முழுசா வாங்கிடுவாங்க.) சம்பள ஒப்பந்தம் கையில இருந்தா, மாணவர் விசாவுக்காக ஒரு வருசச் செலவுக் காசை முன்கூட்டியே வங்கியில போட்டு முடக்கி வைக்கிற ப்ளாக்டு அக்கவுன்ட் (2025-ல 11,904 யூரோ) தேவைப்படாது. உன் மாஸ்டர்ஸே போதும். வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி எப்படி மதிக்குதுன்னு காட்டுற அனபின் தளத்துல, உன் பல்கலைக்கழகத்துக்கு 'ஹெச்+' (அங்கீகாரம் உண்டுன்னு அர்த்தம்) இருக்கான்னு முதல்ல பாத்துக்கோ.

விளம்பரம் தேட யூராக்சஸ், அகாடமிக்ஸ் தளங்கள் இருக்கு. லைப்சிக், டூபிங்கன், பிராங்க்பர்ட் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனங்களோட பக்கங்களையும் வாரம் ஒருக்கா எட்டிப் பாரு.

ஆனா ஆள் எடுக்கிறது மார்க்கை மட்டும் பாத்து இல்ல. சேர்ந்த முதல் வாரம், சோதனைக்கு மூளையோட மின் அலையைப் பதியிற இஇஜி தொப்பியை என் தலையிலயே மாட்டினாங்க. 64 எலக்ட்ரோடு. முனை மழுங்கின ஊசியால முடியை விலக்கி விலக்கி ஒவ்வொரு ஓட்டையிலயும் ஜெல் விடணும், திரையில சிவப்பு ஒவ்வொண்ணா பச்சையாகணும். முக்கால் மணி நேரம் ஆகியும் பாதி சிவப்பாவே நின்னுது. காலையில நான் தேச்சிட்டுப் போன தேங்காய் எண்ணெய்! எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவுல உள்ள மின்தடை (இம்பீடன்ஸ்) இறங்கவே மாட்டேங்குது. அன்னைக்கு எனக்குக் கிடைச்ச வேலை, அந்தத் தொப்பியைப் பழைய டூத் பிரஷ்ஷால கழுவுறது.

இதுக்கெல்லாம் கை பழகின ஆளைத்தான் தேடுறாங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்துல ஏதாவது ப்ராஜெக்ட்டுல ஒரு வருசம் ஒட்டிக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. இல்லேன்னா வீட்டுல இருந்தே ஓப்பன்நியூரோ தளத்துல இலவசமா கெடக்கிற மூளைத் தரவை இறக்கி, எம்என்இ-பைத்தான்ங்கிற மென்பொருள்ல அலசிப் பாரு. உளவியல் சோதனை எழுதுற சைக்கோபை மென்பொருள்ல சின்னதா ஒரு சோதனையும் எழுதிப் பழகு.

ஒரே மெயிலை நான் 50 பேருக்கு அனுப்பினேன், ஒரு பதில் இல்ல. அப்புறம் ஒருத்தரோட கட்டுரையில இருந்த ஒரு வரைபடத்தைப் பத்தி மட்டும் அஞ்சு வரியில சந்தேகம் கேட்டேன், மறுநாளே பதில் வந்துது. அந்த ஆய்வகத்துலதான் பின்னாடி சேர்ந்தேன்.

ஆய்வகத்துக்குள்ள இங்கிலீஷ் போதும். குழந்தைங்க, நோயாளிங்களை வச்சுப் பண்ற ஆய்வுன்னா ஜெர்மன் இல்லாம நடக்காது. மனநல சிகிச்சை பண்றதுன்னா அதுக்கு லைசென்ஸ் தனி, அதை இதோட போட்டுக் குழப்பாதே. இன்னொண்ணு, பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்த வேலைதான். பிஎச்.டி. பட்டத்துக்கு முன்னாடி 6 வருசம், பின்னாடி 6 வருசம்னு சட்டத்துலயே வரம்பு உண்டு. நிரந்தர வேலை ரொம்பக் கொஞ்சம்தான், வீட்டுல இதை இப்பவே சொல்லிடு.

ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட தக்கலைக்கு வா, ஒரு விளம்பரத்தை எடுத்து வச்சு வரிக்கு வரி பாப்போம். அம்மை மரச்சீனி அவிச்சு மீன்கறி வச்சிருப்பாங்க.